பிழை இல்லை என்றது திரை

தும்மல் வந்தது. மூக்கை இறுக்கிப் பிடித்து அடக்கினேன். சட்டைக்குள், என் வயிற்றோடு வயிறாக, கம்பளித் துண்டால் இடுப்பைச் சுற்றிக் கட்டிய பறக்காத கிவிப் பறவையின் முட்டை ஒன்று இருந்தது. கோழி அளவுதான் இருக்கும் அந்தப் பறவை. அது இடும் முட்டையோ என் உள்ளங்கைக்குள் அடங்காது. பிள்ளை பெற்ற எவள் பார்த்தாலும் அவளுக்கு இடுப்பு வலிக்கும். நான் இரண்டு பெற்றவள். அப்போதுகூட இப்படி அசையாமல் உட்கார்ந்ததில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜோஸ்லின் அண்ணி மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"அப்படி ஒரு கட்டளையே கிடையாதுங்குது."

"காலையிலேர்ந்து அதைத்தானே இறக்கிக்கிட்டிருந்தே?"

"இறக்கியாச்சு. வட்டுலதான் இருக்கு. எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியல."

"எங்கண்ணன் மாதிரியே. ஃபிரிட்ஜைத் தொறந்து வச்சுக்கிட்டு வெண்ணெய் எங்கேன்னு கேப்பான்."

அவள் சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் அண்ணன் பாவோரா இவளை விட்டுவிட்டுக் கடல் தாண்டி பெர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போய் நாளாகிவிட்டது. காகிதப்படி இப்போது இவள் எனக்கு யாருமில்லை. அண்ணி என்று கூப்பிடுவதை மட்டும் நான் விடவில்லை. போனவன் அவன்தானே, உறவை நான் ஏன் விடவேண்டும்?

நடந்தது இதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் கிவிகளைக் காப்பாற்ற ஒரு சிறிய அறக்கட்டளை இருக்கிறது. சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான். முந்தாநாள் மேட்டுக் காட்டில் ஒரு ஆண் கிவியைக் கண்டெடுத்தேன். அடைகாப்பது ஆண்தான். வேட்டைக்கு வந்த எவனுடைய நாயோ கடித்துப் போட்டிருந்தது. உடம்பு இன்னும் விறைக்கவில்லை. வளைக்குள் கையை விட்டேன், முட்டை வெதுவெதுப்பாகக் கிடைத்தது. அந்தப் பறவையின் காலில் அடையாளப் பட்டை கட்டியவளே நான்தான். அதன் வம்சத்தில் மிச்சம் இந்த முட்டை ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். வழக்கமாக நகரத்துப் பெரிய பொரிப்பகத்துக்கு வண்டியில் கொண்டுபோவோம். ஆனால் மழையில் கிஸ்போர்ன் போகும் சாலையின் மேல் மலையே இறங்கி உட்கார்ந்துவிட்டது. சரி, நம்மிடமே அண்ணி செய்துகொடுத்த பொரிப்பெட்டி இருக்கிறதே என்று அதில் வைத்தேன். பட்ட காலிலே படும் என்பார்கள். நேற்று ராத்திரி இடி இறங்கி மின்சாரம் போய், திரும்பி வந்த வேகத்தில் பெட்டியின் மூளையாக இருந்த மின்சுற்றுப் பலகை கருகிவிட்டது.

மாற்றுப் பலகை ஒன்று இழுப்பறையில் இருந்தது. ஆனால் வெறும் பலகை. அதன் சிப்பில் ஒரு எழுத்துகூட இல்லை. அண்ணி எழுதிய நிரலை அதற்குள் ஏற்றவேண்டும். நிரல் இணையத்தில் பத்திரமாக இருந்தது. பிறகென்ன, ஏற்று என்றேன். அவள் விளக்கினாள். அந்தச் சிப் பால்குடிக் குழந்தை மாதிரியாம். நாம் எழுதியதை அப்படியே தின்னத் தெரியாது. பெரிய கணினியில் உட்கார்ந்து அதற்கேற்ற மாதிரி மசித்துத் தரவேண்டும். மசிக்கிற அந்தக் கம்பைலரும் அதன் கூட்டாளிகளும் இருந்த பழைய மடிக்கணினி பாவோராவோடு பெர்த் போய்விட்டது. அண்ணியும் அந்தத் தொழிலை விட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டாள். ஆக, அறக்கட்டளை எனக்குக் கொடுத்திருக்கிற இந்த மடிக்கணினியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவவேண்டும். வெந்நீர்ப் பை வைத்த பெட்டியில் முட்டையை வைத்துக் காத்திருக்கலாம்தான். பை ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் ஆறும். இந்த முட்டை குளிரை மன்னிக்கும். அப்பன்காரன் ராத்திரி இரை தேடப் போகும்போது குளிரத்தானே செய்கிறது? சூட்டை மட்டும் அது மன்னிக்காது. அதனால்தான் என் வயிற்றையே நம்பினேன். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சும்மாவா சொன்னார்கள்?

கட்டளை எங்கே இருக்கிறது என்பதை அவள் எப்படியோ கணினிக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது கம்பைலர் எழுந்தது. எழுந்ததும் வேறொன்றைக் காணவில்லை என்றது. அதை இறக்கினாள். அது வந்ததும், இது பழசு, புதுசு வேண்டும் என்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஒவ்வொன்றும் இறங்கி முடியும் வரை நான் சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைத்திருந்தேன். காலையில் உள்ளேயிருந்து இரண்டு முறை சுரண்டல் மாதிரி ஒன்று கைக்குப் பட்டிருந்தது.

"ராவி, உன் பேர்ல ஒரு கோடு இருக்குல்ல?" என்றாள் அண்ணி திடீரென்று.

"ராவினியா. இங்கிலீஷ் எழுத்துல 'ரா'வுக்கு மேல நெடில் கோடு. ஏன்?"

"இந்தக் கணினியில உன் பேர்லதான் கோப்புறை இருக்கு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் இது வழி தெரியாம நின்னுடுது."

"பள்ளிக்கூடத்துல வாத்தியாரு நின்னாரு, வங்கியில நின்னாங்க, பாஸ்போர்ட்டுல நின்னாங்க. இது மட்டும் நிக்காதா? என் பேரை மாத்தப் போறியா?"

"உன் பேரு அப்படியே இருக்கட்டும். நாமதான் வேற எடத்துக்குக் குடிபோறோம்."

எல்லாவற்றையும் வேறொரு கோப்புறைக்கு நகர்த்தினாள். திரையில் வரிகள் கடகடவென்று ஓடின. கடைசியில் நின்ற வரியை அவள் வாய்விட்டுப் படித்தாள். பிழைகள் பூஜ்யம், எச்சரிக்கைகள் பூஜ்யம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்து குதித்திருப்பேன். முட்டை விடவில்லை.

பலகையைப் பொருத்தினோம். அதாவது அவள் பொருத்தினாள், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தேன். பெட்டியின் சிறு திரையில் எண்கள் எழுந்தன. விசிறி சுழன்றது. முட்டையை எடுக்கத் துண்டை அவிழ்த்தபோது அவள் கையைக் காட்டினாள்.

"பொறு. மொதல்ல வேற எதையாவது வச்சுப் பார்க்கலாம்." அடுக்களைக்குப் போய் முட்டை அளவில் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அதை அங்க வைக்காதே."

"ஏன்?"

"கிவி எங்களுக்குப் புனிதம். தின்னுற பொருளை அந்த முட்டை படுக்குற எடத்துல வைப்பாங்களா? எங்கம்மா பார்த்தா உன் கையை ஒடிச்சிருப்பா."

"வேற என்ன இருக்கு ராவி, இந்த அளவுல?"

நியாயமான கேள்வி. சுற்றிப் பார்த்தேன். முட்டை அளவுக்கு முட்டையைப் போலவே சூட்டை வாங்கும் பொருள் வீட்டில் வேறில்லை. சரி, அந்தக் கிழங்கை இனி யாரும் தின்னக்கூடாது, பெட்டியின் தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நான் சொல்லவேண்டிய பிரார்த்தனையைச் சொன்ன பிறகுதான் முட்டை உள்ளே போகும் என்றேன். ஒப்புக்கொண்டாள். இத்தனை வருஷம் எங்கள் குடும்பத்தில் புழங்கியவள், மேலே கேள்வி கேட்கவில்லை. கிழங்குக்குள் வெப்பமானியைச் செருகி, உள்ளே வைத்து மூடினாள்.

வெப்பம் மெல்ல ஏறியது. முப்பத்தாறரையில் நிற்கவேண்டும். முப்பத்தாறரை வந்தது. முப்பத்தேழு வந்தது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு. கொஞ்சம் தாண்டித்தான் இறங்கும், புதுப் பலகை இல்லையா என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. நாற்பதை நெருங்கியபோது பிளக்கைப் பிடுங்கினாள். நான் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தேன். முட்டை இந்நேரம் உள்ளே இருந்திருந்தால் வெந்திருக்கும்.

"பிழை இல்லைன்னு சொல்லிச்சே?" என்றேன்.

"ஆமா."

"அப்புறம் என்னத்துக்கு அது?"

"நான் எழுதினது அதுக்குப் புரிஞ்சுதுன்னு அர்த்தம். நான் எழுதினது சரின்னு அர்த்தம் இல்ல."

"இதே நிரல்தானே மூணு பருவமா ஓடுச்சு? எத்தனை குஞ்சு பொரிச்சோம் இதுல!"

"அதான் ராவி எனக்குப் பயமா இருக்கு. ஒரு எழுத்துகூட மாறல. எதுவுமே மாறாதப்ப எதைன்னு தேடுறது?"

பிழை என்று கத்தியிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். காலையிலிருந்து கத்திக்கொண்டேதானே இருந்தது, ஒவ்வொன்றையும் அதட்டி உட்காரவைத்தாள். இப்போது எதிரியே இல்லை. நிரலை மேலிருந்து கீழே படித்தாள். திரும்ப மேலிருந்து கீழே படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் தேநீர் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அதை மறைப்பானேன்? கணக்கு வாத்தியாருக்கு எதற்கு இந்த வேலை என்று மனம் குத்தியது. அடுத்த நிமிஷமே, மழையில் சேற்றை மிதித்து நடந்து வந்தவளை இப்படி நினைக்கிறேனே என்றும் குத்தியது. அதோடு இன்னொன்று. மதியத்துக்குப் பிறகு முட்டைக்குள் அந்தச் சுரண்டல் இல்லை. தூங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அடுத்த வரி ஓடாது.

"பழைய மடிக்கணினியைப் பார்த்தா தெரியுமா?" என்றேன் கடைசியில்.

அவள் விசைப்பலகையில் எதையோ தட்டினாள்.

"அண்ணி, உன்னைத்தான் கேக்குறேன்."

"அவனுக்கு போன் பண்ணமாட்டேன்."

"நான் பண்றேன்."

"என்னன்னு கேப்பே? உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் வெக்கமில்லாம கேப்பேன்."

அவள் எழுந்து சன்னலண்டை போய் முதுகைக் காட்டி நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்குப் போதும். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். பாவோரா எடுத்தபோது பின்னால் பெரிய எந்திரம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

"என்ன பாப்பா, யாராவது செத்துட்டாங்களா?"

"வாயைக் கழுவு. இன்னும் இல்ல." சுருக்கமாகச் சொன்னேன். முட்டை என் வயிற்றில் இருப்பதைச் சொன்னதும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"அந்த மடிக்கணினியா? அதைத் தொடச்சு எடுத்து இங்க கூட வேலை செய்யுற பையனுங்களுக்கு விளையாடக் கொடுத்துட்டேனே. உள்ள ஒண்ணும் இல்ல."

சன்னலண்டை நின்றவளின் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"சரி, வைக்கிறேன்" என்றேன்.

"பொறு பொறு. சூடு ஏறுதுன்னா சொன்னே? நிக்காமயா?" எந்திரச் சத்தத்திலிருந்து விலகி நடக்கிறான் போல, சத்தம் குறைந்தது. "மொத மொதல்ல செஞ்சப்பவும் அப்படித்தான் ஏறுச்சு. ஜோஸ் மூணு நாள் யாரோடயும் பேசல. வெப்பக் கம்பியைப் பத்து வினாடி எரின்னா அரை நிமிஷம் எரியுதுன்னு கத்திக்கிட்டே அடுக்களைக்கு ஓடி வந்தா. இந்தப் பலகையோட துடிப்பு வேற, கம்பைலரோட வந்த கோப்புல எழுதியிருக்கிற துடிப்பு வேறன்னா. அப்புறம் அந்தக் கோப்புக்குள்ளயே போயி எண்ணை மாத்திட்டா. அப்படிப் பண்ணலாமான்னு கேட்டேன். யாரு பார்க்கப் போறான்னு சொல்லி என் தட்டுலேர்ந்து கறியை எடுத்துத் தின்னா."

அண்ணி திரும்பிவிட்டாள். வாய் திறந்திருந்தது. போனைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியிடம் போய் வெப்பக் கம்பியைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்தாள். பலகையில் ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. வினாடிக்கு ஒரு முறை மினுக்கவேண்டிய விளக்காம் அது. சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்து எண்ணினோம். கடிகாரம் மூன்று எட்டு வைக்கும்போது அது ஒரு எட்டு வைத்தது.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிப்புக்கு நாடி மாதிரி பலகையில் ஒரு கிரிஸ்டல் உண்டு. அது என்ன வேகத்தில் துடிக்கிறது என்று நிரலுக்கு யாராவது சொல்லவேண்டும். அந்த எண் அவள் எழுதிய நிரலில் இல்லை, கம்பைலரோடு வந்த கோப்பில் இருந்தது. அவள் தன் சமையலைத் திருத்தாமல் கடைக்காரனின் தராசைத் திருத்தியிருக்கிறாள். அந்தத் தராசு பெர்த் போய்விட்டது. இன்று இறக்கிய புதுத் தராசு தன் பாட்டுக்கு நேர்மையாக நிறுத்துக் கொடுத்தது.

"ஜோஸ் அங்க இருக்காளா?" என்றது போன்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றாள். "ஞாபகம் வச்சிருக்கே."

"என் கறியைத் தின்னுட்டே. மறக்குமா?"

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். பிறகு அவள், வேலை இருக்கு என்றாள். அவன், பார்த்துக்க என்றான். போனை நான்தான் அணைத்தேன்.

இந்த முறை எண்ணைத் தன் நிரலுக்குள்ளேயே எழுதினாள். பக்கத்தில் ஏன் என்று ஒரு வரியும் எழுதினாள். மறுபடி மசித்து ஏற்றினாள். பிழைகள் பூஜ்யம். இருவரும் அதைப் பார்த்துவிட்டு விளக்கின் பக்கம் திரும்பினோம். விளக்கு கடிகாரத்தோடு சேர்ந்து மினுக்கியது. கிழங்கை ஆறவைத்துத் திரும்ப உள்ளே வைத்தாள். முப்பத்தாறரை வந்தது. துளி தாண்டியது. இறங்கியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வெளியே வெளிச்சம் மங்கும் வரை அவள் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கிழங்கை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவினாள். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"சரியாயிடுச்சா?" என்றேன்.

ஆமாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல ராவி. இது ஒண்ணைத்தான் கண்டுபிடிச்சிருக்கேன். வேற எதையாவது அந்தப் பழைய கணினியில மாத்தி மறந்திருந்தேன்னா எனக்கே தெரியாது."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தபோது, பொய் சொல்லாததற்கு நன்றி என்றுதான் தோன்றியது. துண்டை அவிழ்த்தேன். முட்டை என் தோலில் ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்தேன். பிரித்த இடத்தில் குளிர் சுருக்கென்று பட்டது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வைக்க முடியவில்லை.

"மத்தியானத்துலேர்ந்து அசையல" என்றேன். "உன்கிட்ட சொல்லல. காலையில அசைஞ்சுது அண்ணி. மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுமே இல்ல."

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. சோபாவிலிருந்த போர்வையை உருவி எங்கள் இருவர் தலைக்கும் மேலே போட்டாள். இருட்டில் கம்பளி நாற்றமும் அவள் மூச்சும். டார்ச்சைப் போட்டு முட்டையின் அடிப்பக்கம் வைத்தாள். ஓடு செம்மஞ்சளாக எரிந்தது. உள்ளே குஞ்சின் பெரிய கருநிழல், மேலே பென்சிலால் நான் கோடு போட்டிருந்த காற்றறை. கருநிழலின் விளிம்பு ஆடியது.

"ஆடுதுல்ல?" என்றேன்.

"என் கைதான் ஆடுது."

"என் கையா இருக்கும்."

மடியில் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக் குழி செய்து முட்டையை அதில் இருத்தினேன். அவள் டார்ச்சை முட்டைக்கு அடியில் துணியோடு அணைத்து நிறுத்தினாள். இருவரும் கையை எடுத்துக்கொண்டோம். வெளிச்சம் இப்போது அசையவில்லை. மூச்சு பட்டு ஆடிவிடுமோ என்று அதையும் பிடித்துக்கொண்டு, செம்மஞ்சளுக்குள் கறுப்பு முடிகிற அந்தக் கோடு தானாக அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.